அரசு நிலம், தனியார் நிர்வாகம்: சித்தூர் வட்டாரத்தில் மருத்துவமனைக் கூட்டாண்மை எவ்வாறு இயங்குகிறது?

சித்தூர்: கர்னூலிலிருந்து ராணிப்பேட்டைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 40-இல் இருந்து திருப்பதிச் சாலை பிரியும் இடம் புத்தலப்பட்டு. இங்கு ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் உறவினர் முன்னே மூன்று திசைகள் உள்ளன. தெற்கே சித்தூர் மாவட்ட அரசு மருத்துவமனை. அதைத் தாண்டித் தமிழக எல்லைக்கு அப்பால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. வடகிழக்கே திருப்பதியில் ரூயா எனப்படும் அரசு பொது மருத்துவமனையும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் இயங்கும் சுவிம்ஸ் மருத்துவ அறிவியல் நிறுவனமும். இவற்றில் முழுமையாக அரசுத் துறையால் நடத்தப்படுவது ரூயா ஒன்றே. வேலூர் நிறுவனம் திருச்சபைகளின் அறக்கட்டளைக்கு உரியது. சுவிம்ஸ் கோயில் நிதியில் எழுந்தது. சித்தூர் மாவட்ட மருத்துவமனை அரசுக்குச் சொந்தமானது என்றாலும், பத்தாண்டுக்கு முன்பே தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றின் பயிற்சிக் களமாக இணைக்கப்பட்டது.

ஆந்திரப் பிரதேசத்தில் பத்து புதிய மருத்துவக் கல்லூரிகளை அரசு–தனியார் கூட்டாண்மையில், அதாவது பிபிபி முறையில், கட்டி நடத்த மாநில அமைச்சரவை 2025 செப்டம்பரில் முடிவெடுத்ததிலிருந்து இந்தச் சொல் அரசியல் மேடைகளில் அன்றாடம் ஒலிக்கிறது. ஒரு தரப்பு இதைத் தனியார்மயம் என்கிறது. மறுதரப்பு, உடைமை அரசிடமே இருக்கும்போது அது எப்படித் தனியார்மயமாகும் என்று கேட்கிறது. இரண்டுமே முழக்கங்கள். நோயாளிக்கு எது நேரும் என்பதை முடிவு செய்வது முழக்கமன்று. ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியல்கள்தாம்.

பத்து கல்லூரிகள், இரண்டு அரசுகள்

முந்தைய ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் அரசு 17 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளை 8,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் அமைக்கத் திட்டமிட்டது. அவற்றுள் விஜயநகரம், ராஜமகேந்திரவரம், ஏலூரு, மசூலிப்பட்டினம், நந்தியாலா ஆகிய ஐந்தும் 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்டன. அடுத்த ஆண்டு பாடேருவில் 50 இடங்களுடன் ஒரு கல்லூரி வந்தது. மற்றவை கட்டுமானத்தின் வெவ்வேறு நிலைகளில் நின்றபோது ஆட்சி மாறியது.

2024-இல் பொறுப்பேற்ற சந்திரபாபு நாயுடு தலைமையிலான கூட்டணி அரசு, அரசு நிதியில் மட்டும் இவற்றை முடிக்க நெடுங்காலம் ஆகும் என்று கூறி, ஆதோனி, மதனப்பள்ளி, மார்க்காபுரம், புலிவெந்துலா ஆகிய நான்கை முதற்கட்டமாகவும், பெனுகொண்டா, பாலகொல்லு, அமலாபுரம், நர்சிபட்டினம், பாபட்லா, பார்வதிபுரம் ஆகியவற்றை அடுத்த கட்டமாகவும் கூட்டாண்மைக்கு மாற்றியது. இதை எதிர்த்து ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் கட்சி 2025 அக்டோபரில் ஒரு கோடி கையொப்ப இயக்கத்தைத் தொடங்கி, டிசம்பரில் ஆளுநரிடம் மனு அளித்தது.

இந்தப் பட்டியலில் மதனப்பள்ளிதான் சித்தூர் வட்டார மக்களுக்கு நேரடித் தொடர்புடையது. 2011 கணக்கெடுப்பில் 41.7 இலட்சம் மக்கள் வாழ்ந்த பழைய சித்தூர் மாவட்டத்துக்கு என ஒதுக்கப்பட்ட கல்லூரி அது. 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குச் சென்றது, பழைமையான எஸ்.வி. மருத்துவக் கல்லூரியும் ரூயாவும் திருப்பதி மாவட்டத்துக்குச் சென்றன. எஞ்சிய சித்தூர் மாவட்டத்தில் இருப்பவை தனியார் கல்லூரிகளே: சித்தூரில் அப்போலோ, குப்பத்தில் பி.இ.எஸ். புத்தலப்பட்டு, ஐராலா, பெனுமூரு, தவணம்பள்ளி, பங்காருபாளையம் ஆகிய மண்டலங்களைக் கொண்ட புத்தலப்பட்டுத் தொகுதி இந்த இரண்டுக்கும் திருப்பதிக்கும் நடுவே கிடக்கிறது.

கல்லூரிக்கு ஏன் மருத்துவமனை தேவை?

கூட்டாண்மை விவாதத்தின் மையக் கேள்வி இதுவே. பலரும் கடந்து போவதும் இதையே. மருத்துவக் கல்லூரி என்பது வகுப்பறையுடன் கூடிய மருத்துவமனை. தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் வெளியிட்ட குறைந்தபட்ச வரையறைகளின்படி, ஆண்டுக்கு 100 மாணவர்களைச் சேர்க்க 420 படுக்கைகளும், 150 மாணவர்களைச் சேர்க்க 605 படுக்கைகளும் வேண்டும். அந்தப் படுக்கைகள் வெறுமனே போடப்பட்டிருந்தால் போதாது. அவற்றில் நோயாளிகள் இருக்க வேண்டும். புறநோயாளர் எண்ணிக்கைக்கும் அளவுகோல் உண்டு.

கட்டடத்தைப் பணம் கொடுத்து எழுப்பலாம். கருவிகளை வாங்கலாம். நோயாளிகளை அவ்வாறு வாங்க முடியாது. ஒரு சிறு நகரில் புதிதாகத் தொடங்கும் தனியார் மருத்துவமனைக்கு 600 படுக்கைகளை நிரப்பப் பல ஆண்டுகள் ஆகும். பிரசவம், பாம்புக்கடி, சாலை விபத்து, காய்ச்சல் என்று நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வரும் இடம் மாவட்ட அரசு மருத்துவமனைதான். எனவே அரசிடம் நோயாளிகள் உள்ளனர், பணமும் சிறப்பு மருத்துவர்களும் பற்றாக்குறை. தனியாரிடம் பணம் உள்ளது, நோயாளிகள் பற்றாக்குறை. இந்தப் பேரத்தில் ஏழை நோயாளி அரசு கொண்டு வரும் சீதனம் என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கணக்கு அப்படித்தான் நிற்கிறது. அரசு இந்தச் சீதனத்தின் மதிப்பை உணர்ந்து பேரம் பேசுகிறதா என்பதைப் பொறுத்தே ஒப்பந்தத்தின் தரம் அமையும்.

நிதி ஆயோக் 2020 ஜனவரியில் வெளியிட்ட மாதிரி ஒப்பந்த வரைவு இந்தப் பேரத்தை நாடு முழுவதற்குமான வடிவமாக்க முயன்றது. அதன்படி, மாவட்ட மருத்துவமனையை 60 ஆண்டுகளுக்குத் தனியாரிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் அதை மேம்படுத்தி, மருத்துவக் கல்லூரியைக் கட்டி, இரண்டையும் நடத்துவர். மருத்துவமனையில் குறைந்தது 750 படுக்கைகள். அவற்றில் ஏறத்தாழப் பாதி சந்தை விலைக்கு, மீதி அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கோ இலவசமாகவோ. பல மாநில அரசுகளும் மக்கள் நல்வாழ்வு இயக்கங்களும் இதை ஏற்கவில்லை. இதற்கு முன்னோடியாகச் சுட்டப்பட்டது குஜராத்தின் புஜ் நகரம். 2001 நிலநடுக்கத்தில் இடிந்து, பொதுப் பணத்தில் மீண்டும் கட்டப்பட்ட அங்குள்ள அரசு மருத்துவமனை, 2009-இல் அதானி குழுமத்தின் மருத்துவக் கல்லூரியோடு இணைக்கப்பட்டது.

சித்தூர் கண்ட முன்னோட்டம்

நிதி ஆயோக் வரைவுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே சித்தூர் இதைக் கண்டுவிட்டது. 2016-இல் அப்போதைய தெலுங்கு தேசம் அரசு, சித்தூரில் 150 இடங்களுடன் தொடங்கப்பட்ட அப்போலோ மருத்துவக் கல்லூரியின் மாணவர் பயிற்சிக்காக மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி அளித்தது. ஏழைகளின் மருத்துவமனை கைமாறுகிறது என்று இடதுசாரிக் கட்சிகள் போராடின. கூடுதல் மருத்துவர்களும் கருவிகளும் வருவர், சிகிச்சை இலவசமாகவே தொடரும் என்பது அரசின் பதில்.

இந்த இணைப்புக்கு ஒரு மண்ணுறவும் உண்டு. அப்போலோ குழுமத்தை நிறுவிய மருத்துவர் பிரதாப் சி. ரெட்டி பிறந்த ஊர் அரகொண்டா. புத்தலப்பட்டுத் தொகுதியின் தவணம்பள்ளி மண்டலத்தில் உள்ளது. 1983-இல் சென்னையில் முதல் மருத்துவமனையைத் திறந்த அக்குழுமம், பின்னர் இச்சிற்றூரிலும் ஒரு மருத்துவமனையைக் கட்டியது. செயற்கைக்கோள் இணைப்பின் வழியே அரகொண்டா நோயாளியை நகரத்து மருத்துவர் பார்க்கும் தொலைமருத்துவ ஏற்பாட்டை, 2000 மார்ச்சில் ஐதராபாத் வந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடங்கிவைத்தார். இந்தியத் தொலைமருத்துவத்தின் வரலாறு எழுதப்படும்போது முதல் பக்கத்தில் வரும் பெயர்களில் ஒன்று அரகொண்டா. ஆனால் கிராமத்தில் தனியார் தன் செலவில் மருத்துவமனை கட்டுவதும், அரசின் மருத்துவமனையைத் தன் கல்லூரிக்கு இணைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. முன்னதில் இழப்பும் பெருமையும் தனியாருடையவை. பின்னதில் பொதுச் சொத்து ஒன்று பேரத்தில் வைக்கப்படுகிறது.

வட்டாரத்தில் வேறு வகைக் கூட்டுறவுகளும் இருந்தன, இருக்கின்றன. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-இல் குடியேறிய காசநோய் மருத்துவமனையைப் பல திருச்சபைகள் கூட்டாக நடத்தின. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்–மோலர் அதன் முதல் தலைவர். மருந்தே இல்லாத காலத்தில் குளிர்ந்த காற்றையும் ஓய்வையும் நம்பி மதராஸ் மாகாணமெங்கும் இருந்து நோயாளிகள் அங்கே சென்றனர். அண்மைக்கால எடுத்துக்காட்டு திருப்பதி: தேவஸ்தானம் அளித்த நிலத்தில் டாடா அறக்கட்டளைகள் கட்டிய புற்றுநோய் மருத்துவமனை 2022 மே மாதம் திறக்கப்பட்டது. சுவிம்ஸ் 1993-இல் தொடங்கியதும் தேவஸ்தானத்தின் நிதியில்தான். இவையும் அரசு அல்லாதோர் பங்கேற்ற மருத்துவமனைகளே. ஆனால் இவற்றில் பங்காளி ஈட்டும் உபரி பங்குதாரருக்குச் செல்வதில்லை. கூட்டாண்மை என்ற ஒரே சொல்லுக்குள் அறத்தையும் வணிகத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டால் விவாதம் குழம்பும். 'வேலூரைப் பாருங்கள், தனியார்தானே' என்று அமைச்சர்கள் பேசும்போது நடப்பது இந்தக் குழப்பமே.

நெடுஞ்சாலையும் மருத்துவமனையும்

சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு வழியாகத் திருப்பதி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை 140 ஆறுவழியாக்கப்பட்டதும் கூட்டாண்மை முறையில்தான். கட்டுமானச் செலவில் ஒரு பகுதியை அரசு உடனே கொடுத்து, மீதியைப் பல ஆண்டுகளுக்குத் தவணையாகச் செலுத்தும் கலப்பு ஏற்பாடு அது. சாலையில் இது நடக்கிறதென்றால் மருத்துவமனையில் ஏன் நடக்காது என்பது திட்டத் துறையினர் அடிக்கடி கேட்கும் கேள்வி.

சாலையின் தரத்தை அளப்பது எளிது. குழி இருக்கிறதா, இல்லையா. விளக்கு எரிகிறதா, இல்லையா. மேலும் சாலை தன் மேல் ஓடும் வண்டியைத் தேர்ந்தெடுப்பதில்லை. மருத்துவமனை தேர்ந்தெடுக்க முடியும். சிக்கலான நோயாளியை மேல்சிகிச்சைக்கு என்று எழுதி அனுப்பிவிடலாம். காப்பீட்டில் நல்ல தொகை கிடைக்கும் அறுவை சிகிச்சைக்கு முன்னுரிமை தரலாம். நீண்ட நாள் படுக்கையில் கிடக்கும் முதியவரை விரைவில் வீட்டுக்கு அனுப்பலாம். இவை எதுவும் சட்டமீறலாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் மருத்துவரின் தொழில்முறை முடிவாகவே பதிவாகும். எனவே மருத்துவமனை ஒப்பந்தத்தை எழுதுவது சாலை ஒப்பந்தத்தை எழுதுவதைவிடப் பன்மடங்கு கடினம்.

வருவாயும் வேறு. சாலைக்குச் சுங்கம் உண்டு. ஏழைகளுக்கான மருத்துவமனையின் வருவாய் பெரும்பாலும் அரசிடமிருந்தே வர வேண்டும். இதை உணர்ந்தே ஒன்றிய அரசு 2020 நவம்பரில் தன் நிதி இடைவெளி மானியத் திட்டத்தைத் திருத்தியது. சுகாதாரம், குடிநீர் போன்ற சமூகத் துறைத் திட்டங்களுக்கு மூலதனச் செலவில் 30 விழுக்காடு வரை ஒன்றிய அரசும், மேலும் 30 விழுக்காடு வரை மாநில அரசும் தரலாம். சுகாதாரம், கல்வியில் முன்னோடித் திட்டம் எனில் இரு அரசுகளும் தலா 40 விழுக்காடு வரை மூலதனத்தையும், முதல் ஐந்தாண்டுகளுக்கு நடத்தும் செலவில் தலா 25 விழுக்காடு வரையும் ஏற்கலாம். அதாவது கட்டுவதற்கான பணத்தில் 80 விழுக்காடு வரை பொதுப் பணமாகவே இருக்கக்கூடிய திட்டங்களையும் கூட்டாண்மை என்றே அழைக்கிறோம். அரசிடம் பணம் இல்லை என்பதே கூட்டாண்மைக்கான ஒரே காரணம் என்று வாதிடுவோர் இந்த எண்களைக் கவனிப்பது நல்லது.

அரசே கட்டினால்?

எல்லைக்கு இப்பால் தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், இராமநாதபுரம், கிருஷ்ணகிரி ஆகிய 11 இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்டன. 1,450 மருத்துவ இடங்கள். மதிப்பீடு ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய். அதில் சுமார் 2,145 கோடி ஒன்றிய அரசின் பங்கு. மாவட்ட மருத்துவமனையோடு இணைந்த புதிய கல்லூரிகளுக்கு ஒன்றிய அரசு 60 விழுக்காடு நிதி தரும் திட்டத்தை முழுவதுமாகப் பயன்படுத்தியதால் இது இயன்றது. ஆந்திரத்தில் அதே திட்டத்தின் கீழ் வந்தவை பிடுகுரள்ளா, பாடேரு, மசூலிப்பட்டினம் ஆகிய மூன்று மட்டுமே. மதனப்பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை.

அரசே கட்டுவது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் கொள்ள முடியாது. ஆந்திரத்தின் முந்தைய அரசு கட்டிய கல்லூரிகளிலேயே, நடத்தும் செலவை ஈடுகட்ட 2023-இல் சுயநிதி இடங்கள் புகுத்தப்பட்டன. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கான 15 விழுக்காடு போக எஞ்சிய இடங்களில் பாதிக்கு ஆண்டுக் கட்டணம் 15,000 ரூபாய். 35 விழுக்காட்டுக்கு 12 இலட்சம். வெளிநாடுவாழ் இந்தியர் பிரிவான 15 விழுக்காட்டுக்கு 20 இலட்சம். 150 இடங்கள் கொண்ட கல்லூரியில் இது ஓர் ஆண்டுத் தொகுதிக்கு ஏறத்தாழ 9 கோடி ரூபாய் வருவாய் தரும். அரசுக் கல்லூரியில் அரசே இடங்களை விற்கிறது என்று அன்று எதிர்த்தது தெலுங்கு தேசம். ஆட்சிக்கு வந்தால் அந்த ஆணைகளை நீக்குவோம் என்றும் உறுதியளித்தது. இன்று கூட்டாண்மைக் கல்லூரிகளில் இடங்கள் விற்கப்படும் என்று எதிர்ப்பது ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். மேடையில் இடம் மாறியிருக்கிறார்கள். மாறாமல் இருப்பது, மருத்துவமனையை நடத்தும் செலவை மாணவர் கட்டணத்தில் தேடும் வழக்கம்.

ஒருங்கிணைந்த ஆந்திரம் வேறு இரு சோதனைகளிலும் முன்னோடி. 2005 ஆகஸ்டில் தொடங்கிய 108 அவசர ஊர்தி, அரசின் பணத்தில் தனியார் அமைப்பு நடத்திய சேவை. அது வெற்றி பெற்று நாடெங்கும் பரவியது. 2007-இல் வந்த ஆரோக்கியஸ்ரீ, தனியார் மருத்துவமனையிலிருந்து சிகிச்சையை அரசு விலைக்கு வாங்கும் முறை, இன்று என்.டி.ஆர். வைத்திய சேவா என்ற பெயரில் தொடர்கிறது. 108-இன் வெற்றிக்கு ஒரு காரணம், அளப்பது எளிது என்பதே: அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, ஊர்தி எத்தனை மணிக்குச் சேர்ந்தது.

பிற நாடுகளின் கணக்கு

தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட சிறு நாடான லெசோத்தோ, தலைநகர் மசேருவில் 425 படுக்கை மருத்துவமனையைக் கட்டி நடத்த, தென்னாப்பிரிக்காவின் நெட்கேர் தலைமையிலான கூட்டமைப்புடன் 2008-இல் 18 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. உலக வங்கிக் குழுமத்தின் பன்னாட்டு நிதிக் கழகம் ஆலோசகர். 2011 அக்டோபரில் திறக்கப்பட்ட அம்மருத்துவமனையில் இறப்பு விகிதம் பழைய மருத்துவமனையைவிடத் தெளிவாகக் குறைந்தது. அதுவரை நன்று. ஆனால் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 20,000 உள்நோயாளிகள், 3,10,000 புறநோயாளிகள் என்று வரம்பு இருந்தது. அதற்கு மேல் வரும் ஒவ்வொருவருக்கும் அரசு தனியாகப் பணம் தர வேண்டும். நல்ல மருத்துவமனை என்ற பெயர் பரவியதால் மக்கள் கூடினர், கட்டணம் ஏறியது. நாட்டின் சுகாதார நிதியில் 51 விழுக்காட்டை இந்த ஒரே மருத்துவமனை விழுங்குகிறது என்று ஆக்ஸ்பாம் அமைப்பு 2014-இல் கூறியது. உலக வங்கி அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பங்கு அதைவிடக் குறைவு என்றது. நிலுவைத் தகராறும் செவிலியர் போராட்டமும் முற்றி, 2021-இல் அரசு ஒப்பந்தத்தை முறித்தது.

இதில் உள்ள முரண் கவனிக்கத்தக்கது. மருத்துவமனை தோற்றதால் ஒப்பந்தம் முறியவில்லை. மருத்துவமனை நன்றாக இயங்கியதும் பணச்சுமை ஏற ஒரு காரணம். நோயாளி வரம்பைக் கணக்கிட்டவர்கள் பழைய மருத்துவமனையின் கூட்டத்தை அளவாகக் கொண்டால் இதுவே நேரும். மதனப்பள்ளியில் 600 படுக்கைகள் வரும்போது, இன்று வேலூருக்கும் பெங்களூருக்கும் செல்வோர் எத்தனை பேர் அங்கே திரும்புவர் என்பதைக் கணக்கில் சேர்க்காத மதிப்பீடு பயனற்றது.

ஸ்பெயினின் வலென்சியா மாநிலம் வேறு வகையாக யோசித்தது. அல்சிரா நகரில் 1999 ஜனவரியில் திறக்கப்பட்ட மருத்துவமனையை நடத்திய நிறுவனத்துக்கு, சிகிச்சை பெற்றவர் கணக்கில் அல்லாமல், அந்த வட்டாரத்தில் வாழும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுத்தது. வட்டாரவாசி வேறு மருத்துவமனைக்குச் சென்றால் அந்தச் செலவை முழுவதும் நிறுவனமே ஏற்க வேண்டும். வெளியூர்க்காரர் இங்கு வந்தால் செலவில் 80 விழுக்காடுதான் கிடைக்கும். தன் மக்களைத் தன்னிடமே தக்கவைத்துக்கொள்ளும் கட்டாயம் இதனால் ஏற்பட்டது. முதல் ஒப்பந்தம் சில ஆண்டுகளிலேயே தடுமாறி, 2003-இல் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் சேர்த்துத் திருத்தி எழுதப்பட்டது. 2018 ஏப்ரல் 1 அன்று காலம் முடிந்ததும் மாநில அரசு மருத்துவமனையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் முடிவதை முன்கூட்டியே திட்டமிடலாம் என்பதற்கு அது சான்று. 60 ஆண்டு ஒப்பந்தத்தில் அதைக் காண இன்று கையெழுத்திடும் எவரும் பணியில் இருக்கப்போவதில்லை.

பிரிட்டன் இம்முறையின் தாயகம் போன்றது. அங்கு 2018 ஜனவரியில் கரிலியன் என்ற பெருநிறுவனம் திவாலானபோது, லிவர்பூலிலும் பர்மிங்காம் அருகேயும் இரண்டு பெரிய மருத்துவமனைகள் பாதிக் கட்டுமானத்தில் நின்றன. முதலாவது 2022 அக்டோபரிலும், இரண்டாவது 2024 அக்டோபரிலும்தான் திறக்கப்பட்டன. முடித்துக் கொடுத்தது பொதுப் பணம். அதே 2018 அக்டோபரில், இம்முறையில் புதிய ஒப்பந்தங்கள் இனிச் செய்யப்போவதில்லை என்று பிரிட்டன் நிதியமைச்சர் அறிவித்தார். இடர் தனியாருக்கு மாற்றப்படுகிறது என்பதே கூட்டாண்மைக்குச் சொல்லப்படும் முதல் நியாயம். பங்காளி விழுந்துவிட்டால் இடர் மீண்டும் அரசின் வாசலுக்கே வரும். மருத்துவமனையை மூடிவைக்க எந்த அரசாலும் இயலாது.

'இலவசம்' என்ற சொல்லின் பொருள்

இந்தியாவின் மிக நீண்ட பாடம் தில்லியில் உள்ளது. தில்லி நிர்வாகமும் அப்போலோவும் 1988-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் எழுந்த இந்திரபிரஸ்தா அப்போலோ மருத்துவமனை 1996-இல் திறக்கப்பட்டது. நிறுவனத்தில் தில்லி அரசுக்கு 26 விழுக்காடு பங்கு. 15 ஏக்கர் நிலம், மாதம் ஒரு ரூபாய் வாடகைக்கு. அதற்கு ஈடாக 600 படுக்கைகளில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 200 படுக்கைகள், ஏழைகளுக்கு இலவசம். புறநோயாளர்களில் 40 விழுக்காட்டினருக்கு இலவசம்.

தாளில் இதைவிடத் தெளிவான விதி இருக்க முடியாது என்றே தோன்றும். ஆனால் இலவசம் என்றால் எதுவரை? படுக்கையும் மருத்துவர் ஆலோசனையும் இலவசம். மருந்தும் அறுவை சிகிச்சைப் பொருள்களும் நோயாளி செலவு என்பது மருத்துவமனையின் வாதம். இதயத்துக்கு ஸ்டென்ட் வைக்க வந்த ஏழைக்குப் படுக்கை வாடகை மட்டும் இலவசம் என்றால் அதற்குப் பொருள் என்ன? வழக்கறிஞர் சங்கம் ஒன்று தொடுத்த பொதுநல வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2009 செப்டம்பரில், மருந்தும் பொருள்களும் உட்பட யாவும் இலவசமே என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனை திறந்து அப்போது 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே சொல்லுக்குப் பொருள் காண 13 ஆண்டுகள்.

ஆதலால் மதனப்பள்ளி, ஆதோனி ஒப்பந்தங்கள் பற்றிய விவாதத்தில் முதலில் படிக்க வேண்டியது வரையறைப் பகுதியே. இலவச நோயாளி யார், அதைச் சான்றளிப்பவர் யார், நள்ளிரவில் ரேஷன் அட்டை இல்லாமல் வந்து சேரும் விபத்து நோயாளியை எந்தக் கணக்கில் எழுதுவர், ஸ்கேனும் ரத்தமும் இலவசத்தில் அடங்குமா, என்.டி.ஆர். வைத்திய சேவா பட்டியலில் இல்லாத நோய்க்கு என்ன வழி. அண்டை மாநிலத்துக்காரருக்கு என்ன கட்டணம். கடைசிக் கேள்வி எல்லைப்புற மாவட்டத்தில் சிறியதன்று. சித்தூரில் வேலை செய்யும் குடியாத்தத்துக்காரரின் குடும்ப அட்டை தமிழ்நாட்டுடையது.

அடுத்துப் பார்க்க வேண்டியது அரசின் கடமைகள். இந்திய ஒப்பந்தங்களில் தனியார் தவறினால் தண்டனை என்ன என்று பல பக்கங்கள் எழுதப்படும். அரசு காப்பீட்டுத் தொகையை மாதக்கணக்கில் நிலுவையில் வைத்தால் என்ன ஆகும் என்பதும் அதே அளவு முக்கியம். ஆந்திரத்தில் நிலுவையைக் காரணம் காட்டித் தனியார் மருத்துவமனைகள் காப்பீட்டுச் சிகிச்சையை நிறுத்துவதாக அறிவிப்பது ஏறக்குறைய ஆண்டுதோறும் வரும் செய்தி. தனித்து நிற்கும் மருத்துவமனை அவ்வாறு நிறுத்தினால் நோயாளி அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். மாவட்டத்தின் ஒரே பெரிய மருத்துவமனையே கூட்டாண்மையில் இருந்தால் செல்ல வேறிடம் இல்லை.

மூன்றாவது, கண்காணிப்பு. ஒப்பந்தத்தைக் கவனிக்க மாவட்ட அளவில் முழுநேர அலுவலர் இருக்கிறாரா, அல்லது ஏற்கெனவே பத்துப் பொறுப்புகளைச் சுமக்கும் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளருக்குப் பதினோராவதாக இதுவும் சேர்க்கப்படுமா? படுக்கை நிலவரம் நாள்தோறும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்படுமா? கர்நாடகத்தின் ராய்ச்சூரில், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் நிதியுதவியில் அரசு கட்டிய சிறப்பு மருத்துவமனையையும் அப்போலோதான் நடத்தியது. 2012-இல் ஒப்பந்தக் காலம் முடிந்து அது அரசிடம் திரும்பியது. கட்டடம் திரும்பியது; அதை நடத்தும் சிறப்பு மருத்துவர்களை அரசு புதிதாகத் தேட வேண்டியதாயிற்று. ஒப்படைப்புக்கு முந்தைய ஆண்டுகளில் அரசு மருத்துவர்களையும் அங்கே பணியமர்த்திப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற ஒரு வரி, பல கோடி ரூபாய் பெறும்.

தில்லி வழக்கும் முடிந்துவிடவில்லை. 2009 தீர்ப்பை எதிர்த்த மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில், ஏழைகளுக்கு இலவச சிகிச்சை அளிக்காவிட்டால் மருத்துவமனையை எய்ம்ஸ் ஏற்று நடத்தும்படி உத்தரவிட நேரும் என்று எச்சரித்தது. நில ஒப்பந்தத்தின் 30 ஆண்டுக் காலம் 2023-இலேயே முடிந்திருந்த நிலையில், அது புதுப்பிக்கப்பட்டதா என்று ஒன்றிய, தில்லி அரசுகளிடம் கேட்டது. கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை ஏழை நோயாளிகள் உள்நோயாளிகளாகவும் புறநோயாளிகளாகவும் சிகிச்சை பெற்றனர் என்பதைக் கூட்டு ஆய்வுக் குழு பதிவேடுகளைப் பார்த்து அறிய வேண்டும் என்றும் ஆணையிட்டது. மருத்துவமனை திறந்து அப்போது 29-ஆம் ஆண்டு.